ஒன்றாம் குடிலின் நாற்றுகளை நான் அவித்தது பற்றி

பெயர்: அடையாள அட்டையைப் பார்த்து ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. பாய்லர்க்காரி என்று கேட்டால் எல்லோரும் வழி காட்டுவார்கள். வயது: நாற்பத்து நான்கு. முகவரி: பழைய மர அறுவை மில்லுக்குப் பின்தெரு, கடைசி வீடு, வாசலில் எப்போதும் தார்ப்பாய் காய்ந்துகொண்டிருக்கும். தொழில்: நீராவியால் மண்ணைச் சுத்தம் செய்வது. படிப்பு: தொழிலுக்குப் போதுமான அளவு.

இந்த வாக்குமூலத்தை என்னை யாரும் மிரட்டி வாங்கவில்லை. மிரட்டியிருந்தால் கிடைத்திருக்காது. என்மேல் புகார் கொடுத்திருப்பவர் நாற்றுப் பண்ணை உரிமையாளர், என் உடன்பிறந்த அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறவள். பகையாளி வீட்டுக்குள் புகுந்து சேதம் செய்ததுபோல் புகாரில் எழுதியிருக்கிறார். நான் அந்த வீட்டில் சாப்பிட்டு, அந்த வீட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கைப்பற்றிய இயந்திரம் என்ன, அதில் வெடிபொருள் ஏதும் உண்டா என்று ஆய்வாளர் கேட்டதால் என் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். டிரெய்லரில் ஏற்றிய டீசல் பாய்லர் அது. மண்ணைக் கிளறி, கடுகுப் பிண்ணாக்குப் பொடியைத் தூவி, நன்றாக நனைத்து, அதன்மேல் தார்ப்பாயை விரித்து, ஓரமெல்லாம் மணல் மூட்டை வைத்து அடைத்து, அடியில் ஹோஸைச் செருகி நீராவியை விடுவேன். பிண்ணாக்கு நனைந்தவுடன் அதிலிருந்து காரமான ஒரு வாயு கிளம்பும், கண்ணைக் கசக்க வைக்கும். அந்தக் காரமும் சூடும் சேர்ந்து மண்ணில் கிடக்கிற களை விதையையும் நோய்க் கிருமியையும் முடித்துவிடும். வெறும் ஆவியாக இருந்தால் இன்னும் அதிக நேரம், அதிக சூடு வேண்டும், மண்ணும் கெட்டுப்போகும். கடுகைச் சேர்த்தால் பாதிச் சூட்டிலேயே வேலை முடியும். ரைட்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே என் சாக்குப் பைகளை எண்ணினார். விஷம் என்று எழுதப் போனார். அது எண்ணெய் ஆட்டிய கடுகின் சக்கை என்று சொல்லித் திருத்த வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் நான் செய்தது வெறும் திமிராகத் தெரியும். அவித்த மண் காலி வீடு மாதிரி. கெட்டதோடு சேர்ந்து, கெட்டதை எதிர்த்து நிற்கிற நல்ல கிருமிகளும் பெரும்பாலும் போய்விடும். அதன் பிறகு யார் முதலில் நுழைகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வீடு. அதனால் அவித்த கையோடு நன்றாக மக்கிய உரத்தைத் தூவச் சொல்வேன், பழைய மண் ஒரு கைப்பிடிகூட அதில் சேரக் கூடாது என்பேன், மண்வெட்டியைக்கூடக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடச் சொல்வேன். இதற்காகவே பலபேர் என்னை வாயாடி என்கிறார்கள். வாயாடிதான், இல்லையென்று சொல்லவில்லை.

இந்தப் பருவத்துக்கு மாமாவின் பண்ணைக்கு நாற்று வளர்க்கும் மண்ணை நான்தான் அவித்துக் கொடுத்தேன். அதைக் குழித்தட்டுகளில் நிரப்பி, ஒன்றாம் குடிலில் கத்தரியும் தக்காளியும், இரண்டாம் குடிலில் மிளகாயும் விதைத்தார்கள். குடில் என்பது நிழல்வலை போர்த்திய ஷெட். மூன்றாம் குடில் காலியாக இருந்தது. அதன் பாத்திகளை அவித்துத் தர மாமாவே என்னை வரச் சொல்லியிருந்தார். எனவே நான் அத்துமீறி நுழைந்தேன் என்று புகாரில் இருப்பது சரியல்ல. வாசலைத் திறந்து விட்டதே அக்காதான், டிரெய்லர் இடிக்காமல் சைகை காட்டியது மாமா.

முதல் நாள் பாத்திகளை அளந்துவிட்டு ஒன்றாம் குடில் வழியாக வந்தபோது, ஓரத்துத் தட்டில் சில கத்தரி நாற்றுகள் தலை தொங்கி நின்றதைப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது, இலை பச்சையாகவே இருந்தது. தாகத்தில் தொங்குகிற செடி அப்படி இருக்காது. அதன் பிறகு ஒரு நாற்றைப் பிடுங்கி, தண்டை வெட்டி, அக்காவின் சமையலறையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முனையிலிருந்து வெள்ளையாக நூல் நூலாக இறங்கியது. அது பாக்டீரியா வாடல் நோய். வேறு சில தட்டுகளிலிருந்தும், நன்றாக நிமிர்ந்து நின்ற நாற்றுகளிலிருந்தும் எடுத்துப் பார்த்தேன், அவற்றிலும் இறங்கியது. இரண்டாம் குடிலின் மிளகாயிலும் இறங்கியது. கடைசியாகப் பார்த்த தம்ளரை அப்படியே சமையல் மேடையில் வைத்துவிட்டேன்.

நான் அவித்துக் கொடுத்த மண்ணில் இது எப்படி வந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மாமாவே வாயைத் திறந்தார். தட்டு நிரப்பும்போது மண் பற்றாமல் போய்விட்டது, உன்னை மறுபடி கூப்பிட்டு உன் வாயில் மாட்டிக்கொள்வானேன் என்று பம்ப் அறைக்குப் பின்னால் கிடந்த குவியலிலிருந்து அள்ளிக் கலந்துவிட்டேன் என்று, ஏதோ சாமர்த்தியம் செய்தவர்போலச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் குவியல் போன பருவத்தில் வாடிப்போன செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்ட இடம். காலி வீட்டுக்குத் திருடனை அவரே கையைப் பிடித்து அழைத்துப்போய் விட்டிருக்கிறார். நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்தது அவருக்குப் புரிந்தது என்றே நான் நம்புகிறேன், ஏனென்றால் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு அவர், "செடின்னா பால் வடியத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்த் தம்ளரைப் பின்பக்கம் கொட்டிவிட்டு வந்தார். நாளை ஒன்றாம் குடிலுக்கு வண்டி வருகிறது, மறுநாள் இரண்டாம் குடிலுக்கு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார். நான் நாற்றை அனுப்பக் கூடாது என்றேன். அவர், "நாலு செடி தலையைத் தொங்கப் போட்டதுக்கு மொத்தத்தையும் கொளுத்தணுமா?" என்று கேட்டார். நான், "கொளுத்த வேண்டாம் மாமா, அவிச்சிடலாம், நானே செய்றேன்" என்றேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மாமாவைக் கெட்டவர் என்று எழுத வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு பருவத்து நாற்று முழுவதும் போனால் பண்ணை எழுந்திருக்காது என்று பயந்தார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய பயத்தைத் தட்டில் வைத்து ஊர் முழுக்க விநியோகம் செய்ய நான் விட முடியாது. அந்த நாற்றுகள் இப்போது பார்க்க அழகாக இருக்கும். வயலில் நட்டு, வெயில் ஏறி, காய் பிடிக்கிற சமயத்தில் வரிசை வரிசையாகச் சாயும். சாய்ந்த பிறகு அந்த மண்ணில் பல வருஷத்துக்குத் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ போட முடியாது. யாரும் நாற்றுக்காரரைச் சந்தேகப்பட மாட்டார்கள், தங்கள் தலையெழுத்து என்று இருந்துவிடுவார்கள்.

நான் ஏன் இவ்வளவு துடித்தேன் என்று ஆய்வாளர் கேட்டார். அந்த நாற்றுகளை வாங்குகிறவர்களில் பாதிப்பேருடைய நிலத்தை இந்தக் கோடையில் அவித்துக் கொடுத்தவள் நான். கோரைக் களை இல்லை, நோய் இல்லை, இனி தைரியமாக நடுங்கள் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தவள் நான். அந்த நிலமெல்லாம் இப்போது காலி வீடு, உரம் போட்டு நல்ல கிருமி குடியேறுவதற்குள் இந்த நாற்று போய் நின்றால், அவிக்காத நிலத்தைவிட அங்கேதான் நோய் வேகமாகப் பரவும். நான் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தேனோ அவ்வளவு நன்றாக அதற்குப் பாய் விரித்து வைத்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க எனக்கு வரவில்லை.

சட்டப்படி ஏன் செய்யவில்லை என்றும் கேட்டார். அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் விவசாய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அதிகாரி விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் மாதிரி எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் நாற்று வயலில் வேர் விட்டிருக்கும். அதன் பிறகு நாற்று வாங்குகிறவர்களில் ஒரு தக்காளிக்கார அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர், "உங்க வீட்டுச் சண்டையில என்னை ஏம்மா இழுக்கிற" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மச்சினி சொல்வதைக் கேட்டுப் பண்ணைக்காரரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது.

மறுநாள் காலை மாமா வண்டிக்காரரைப் பார்க்கப் போன பிறகு நான் பாய்லரை மூட்டினேன். இயந்திரம் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது, ஹோஸ் மட்டும் வேறு வாசலுக்குள் போனது. ஒன்றாம் குடிலில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களை, உள்ளே காரம் ஏறும், வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்காருங்கள் என்று அனுப்பினேன். அவர்களுக்கு நான் செய்யப் போவது தெரியாது, அவர்களை இந்த வழக்கில் சேர்க்க வேண்டாம். அதன் பிறகு நாற்றுகளின் மேலேயே பிண்ணாக்குப் பொடியைத் தூவினேன், பூவாளியால் நனைத்தேன், தார்ப்பாயை இழுத்து மூடினேன், மூட்டைகளை வைத்தேன், வால்வைத் திறந்தேன். தார்ப்பாய் உப்பி எழுந்தது. பச்சை நாற்று வேகிற வாசனை எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கீரை வேகிற வாசனைதான். நான் அந்த நாற்றுகளின் எதிரி இல்லை.

அந்தச் சமயம் அக்கா எனக்கு டீ கொண்டுவந்தார். மூன்றாம் குடிலில் என்னைக் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்று தார்ப்பாயைப் பார்த்தார்.

"பாப்பா, உள்ள நாத்து இருக்கு."

"தெரியும்க்கா."

"எடுத்துட்டு மூடக் கூடாதா?"

"எடுக்கறதுக்காக மூடலக்கா."

எனக்கு நாற்பத்து நான்கு வயதானாலும் அக்காவுக்கு நான் பாப்பாதான். அவர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார். டீயைக் கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. சத்தம் போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது கடுகின் காரத்தாலா வேறு எதனாலா என்று என்னால் சொல்ல முடியாது. அவர் எனக்கு உடந்தையா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

ஒன்றாம் குடில் முடிந்து, ஹோஸைக் கழற்றி இரண்டாம் குடிலுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது மாமா வந்துவிட்டார். நேராக ஒன்றாம் குடிலுக்குள் போய்த் தார்ப்பாயை வெறுங்கையால் பற்றி இழுத்தார். உள்ளே தங்கியிருந்த ஆவி அவர் மணிக்கட்டில் அடித்தது. நான் அவரைச் சுட்டேன் என்று புகாரில் இருப்பது பொய். நான் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன், அவர் திமிறினார், விடவில்லை. அப்போது அவர் என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதினால் தாள் வெந்துவிடும். அந்தக் கையால்தான் புகாரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பார்த்தேன், எழுத்து நன்றாகவே இருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான், நான் பரிகாசமாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு போலீசார் வந்து பாய்லரையும் ஹோஸையும் மீதிப் பிண்ணாக்கையும் கைப்பற்றி, என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. பெண் காவலர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் கோரை தொல்லை தாங்கவில்லை, இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். வெளியே வந்ததும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை அக்கா மாற்றுத் துணி கொண்டுவந்தார். ஆய்வாளர் அறையிலேயே, அவர் முன்னிலையிலேயே பேசினோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லிடு பாப்பா. ஷெட்டு மாறிப்போச்சுன்னு சொல்லு. மாமா புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்னு ஒத்துக்கிட்டார், பாய்லரும் உனக்கு வந்துடும்" என்றார். அதற்காக எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆய்வாளரும் அதுவே நல்லது, குடும்ப விஷயம் குடும்பத்தோடு முடியட்டும் என்றார். ரைட்டர் அதற்குள் அப்படியே ஒரு தாளில் எழுதித் தயாராக வைத்திருந்தார். மூன்றாம் குடிலை அவிப்பதாக நினைத்துக் கவனக்குறைவால் ஒன்றாம் குடிலை அவித்துவிட்டேன் என்று இருந்தது. தொழிலில் என்னை இதைவிட யாரும் கேவலப்படுத்தியது இல்லை. ஆனாலும் அக்காவுக்காக அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன், பேனாவைக்கூட வாங்கிவிட்டேன்.

கையெழுத்துப் போடும் முன் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ரெண்டாம் ஷெட்டு மிளகா?" என்றேன். அக்கா துணிப்பையின் வாயை முடிந்தார். மறுபடி கேட்டேன். "சாயங்காலம் வண்டி வருது" என்றார், என்னைப் பார்க்காமல். ஒன்றாம் குடிலுக்கு நேற்று வந்த வண்டிதான் நான் செய்த கலாட்டாவால் வெறுமனே திரும்பியிருக்கிறது, இரண்டாம் குடிலுக்கு மாமா சொன்ன நாளிலேயே வண்டி வருகிறது.

அதன் பிறகு ஆய்வாளரிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரியாமல் நடந்தது என்றால் வழக்கு இல்லை, வழக்கு இல்லையென்றால் குடில்களை யாரும் பூட்டப் போவதில்லை, நாற்றை யாரும் சோதிக்கப் போவதில்லை. தெரிந்தே செய்தேன், நோய்க்காகச் செய்தேன் என்றால் வழக்கு நடக்கும், அந்தப் பண்ணையிலிருந்து ஒரு தட்டுகூட வெளியே போகாமல் பூட்டிவைத்து, இரண்டு குடில்களிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தண்டனை கிடைக்கலாம் என்றும், பாய்லர் வழக்கு முடியும்வரை கொட்டகையில் கிடந்து துருப்பிடிக்கும் என்றும் ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு தாள் எடுங்கள் என்றேன்.

அக்கா அழுதார். எனக்காகச் செய்யக் கூடாதா, என் வீடு பாழாய்ப் போகிறதே என்றார். நானும் அழுதேன், அதை மறைக்கவில்லை. அக்காவுக்காக நான் எதுவும் செய்வேன், சிறைக்கும் போவேன், மாமா காலில் வேண்டுமானாலும் விழுவேன். அந்த மிளகாய் நாற்று வண்டி ஏறுவதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். அதன் பிறகு அக்கா வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே நான் சொல்வது: ஒன்றாம் குடிலின் நாற்றுகளை அவித்தது நான். குடில் மாறவில்லை, கை தவறவில்லை, புத்தி பிசகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தும், யாருடைய பண்ணை என்று தெரிந்தும், யாரும் தூண்டாமல் செய்தேன். ஆய்வகத்தில் நோய் இல்லை என்று வந்தால் எந்தத் தண்டனையையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறேன். செய்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று ஆய்வாளர் கடைசியாகக் கேட்டார். வருத்தப்படுகிறேன். இரண்டு ஹோஸ் வைத்திருந்தும் ஒன்றை மட்டும் மாட்டியதற்கு வருத்தப்படுகிறேன். இரண்டையும் மாட்டியிருந்தால் இரண்டு குடிலும் ஒரே நேரத்தில் முடிந்திருக்கும், உங்களையெல்லாம் இவ்வளவு எழுத வைத்திருக்க மாட்டேன்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் என் வாயிலிருந்து வந்தது, உண்மை. உரக்க வாசித்துக் காட்டக் கேட்டு, முன்பு எழுதிய தாளை என் கண்ணெதிரே கிழிக்கச் செய்த பிறகு, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை என்று கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)
வாக்குமூலம் அளித்தவர்

பதிவு செய்த அலுவலரின் குறிப்பு: வாக்குமூலம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்திட, வராந்தாவில் இருந்த பெண்மணி தாமாக முன்வந்தார். புகார்தாரரின் மனைவி என்பதால் அவசியமில்லை என்று எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. கையெழுத்திட்ட பிறகு, இரண்டாம் குடிலின் பூட்டுக்கு உரிய சாவி ஒன்றை மேசையில் வைத்து, வேறு சாவி கிடையாது என்று தெரிவித்தார். பெற்றுக்கொள்ளப்பட்டது.

(கையெழுத்து)
சாட்சி